பலகைக்கு வேர்க்கும்

தப்பாகச் சொல்லிவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது. ஐந்து மணிக்குக் கோமளா டீச்சர் வருவார்கள், கீழே கடைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், என்ன தனபாக்கியம் இது என்பார்கள், நான் வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது கடைசிக்குப் போய்விடும், கடைசியில் சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும். இப்போது மணி இரண்டரை. அதற்குள் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிடலாம். டீச்சர், நான் ஒன்றும் பண்ணவில்லை. இல்லை, அப்படி ஆரம்பித்தால் பொய், நேற்றே போனில் அந்தப் பொய்யைச் சொல்லியாகிவிட்டது. நேற்று சாயங்காலம் தேயிலை ஃபேக்டரியில் இருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் வந்தது. தனம், கீழ கடை பாக்க வந்தவரு சொல்றாரு, மேல் பலகையெல்லாம் கருத்துப்போய்த் தண்ணி சொட்டுதாம், மேல என்ன பண்ணி வெச்சிருக்க என்றார்கள். ஒண்ணுமில்லையே டீச்சர் என்றேன். ஒண்ணுமில்லாம சொட்டுமா, நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, அஞ்சு மணிக்கு வரேன், வீட்டுலயே இரு என்று வைத்துவிட்டார்கள். வீட்டிலேயே இரு. நான் வேறெங்கே போவேன். டீச்சர், குளிர் தாங்க முடியவில்லை. அப்படி ஆரம்பிக்கலாம், அது உண்மை. ஆனால் குன்னூரில் மார்கழி மாசத்தில் யாருக்குத்தான் குளிர் இல்லை, டீச்சருக்கும்தான் குளிரும், அவர்கள் வீட்டுத் தரையில் தண்ணீர் சொட்டவில்லையே. ரெஜினா அக்கா போனதில் இருந்து ஆரம்பிக்கலாமா. அங்கிருந்து ஆரம்பித்தால் டீச்சருக்குப் பொறுமை இருக்காது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள், விடையை முதலில் சொல்லு என்பார்கள். விடை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை.

இந்தத் தரையில் இருபத்து மூன்று பலகை இருக்கிறது. கதவில் இருந்து ஜன்னல் வரைக்கும் எண்ணினால் இருபத்து மூன்று, எத்தனை தடவை எண்ணியிருப்பேன், படுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன், காய்ச்சலில் எண்ணியிருக்கிறேன், என் புருஷன் செத்த வருஷம் எதற்கெடுத்தாலும் எண்ணியிருக்கிறேன். டீச்சரின் அப்பா காலத்து வீடு. கீழே கல் சுவர் வைத்த கடை, மேலே இந்த ஒரே அறை, பக்கவாட்டில் கல் படி. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு, சில இடத்தில் ஒரு ரூபாய்க் காசு விழுகிற அளவு. கல்யாணமாகி நான் வந்த புதிதில் இடுக்கைப் பார்த்துப் பயந்தேன், அவர்தான் சொன்னார், பயப்படாத, அது சூடு வர்ற வழி என்று. உண்மைதான். கீழே ரெஜினா அக்கா வர்க்கி ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்த பதினெட்டு வருஷமும் எனக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. விடியற்காலையில் கட்டை போட்டு அடுப்பைச் சூடேற்றுவாள், அந்தச் சூடு சாயங்காலம் வரைக்கும் கல்லுக்குள் இருக்கும், இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும், வெறுங்காலோடு நடந்தால் ஒரு பெரிய மாட்டின் முதுகில் நடப்பது மாதிரி இருக்கும். சூட்டோடு வாசனையும் வரும், பேச்சும் வரும். நான் மேலே கூட்டினால் கீழே அக்கா கத்துவாள், தனம், உன் வீட்டு மண்ணெல்லாம் என் மாவுல விழுது, அதான்டி என் வர்க்கிக்கு இத்தன ருசி. நான் தும்மினால் கீழே இருந்து நூறு என்பாள். அவள் கையைச் சுட்டுக்கொண்டால் எனக்கு இங்கே ஆ என்று வரும். மூலையில் புகைக்குழாய் போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கணு விழுந்து இரண்டு விரல் போகிற துளை இருக்கிறது, அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, அடுப்புக்குள் தட்டைத் தள்ளுகிற நீளக் கட்டையால் இரண்டு தட்டு தட்டுவாள். டொக் டொக். இருக்கியா என்று அர்த்தம். நான் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவேன். இருக்கேன். அப்புறம் டீ. இல்லாவிட்டால் டீ இல்லாமல் சும்மா. ஆவணியில் அவளுடைய மகன் மேட்டுப்பாளையத்தில் இருந்து வண்டி கொண்டுவந்தான். முட்டி போயிருச்சு தனம், இனி அடுப்பு முன்னாடி குந்த முடியாது என்றாள். வண்டியில் ஏறும்போது அழவில்லை, நானும் அழவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கட்டில் சட்டம் வண்டிக்குள் நுழையவில்லை என்று அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுப்பு அணைந்து ஒரு வாரத்துக்குக் கல்லில் சூடு இருந்தது, அல்லது இருந்த மாதிரி எனக்கு இருந்தது. அப்புறம் அதே இடுக்கு, அதே பலகை, சூடு வந்த வழியில் குளிர் வந்தது. கடையின் முன்பக்கம் மரச் சட்டம்தான், பள்ளத்தாக்கில் இருந்து வருகிற ஊதக்காற்று நேராக உள்ளே நுழைந்து, வெளியே போக வழி தெரியாமல் என் காலுக்கடியில் வந்து நிற்கும். ஐப்பசியில் பாய் தரையில் தங்காது, ஓரம் எழும்பி எழும்பி விழும், பாய்க்குக் கீழே ஏதோ மூச்சு விடுகிற மாதிரி. கட்டிலில் படுத்தால் கட்டிலுக்குக் கீழே இருந்து முதுகைத் தேடி வரும். செய்தித்தாளை மடித்துத் திணித்தேன், கூட்டும்போது வந்துவிட்டது. மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன், எறும்பு வந்தது, எலியும் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் வேலைக்கு வந்த வேலாயுதம் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, அதுதான் கஷ்டம், ஞாபகம் இல்லை என்று டீச்சரிடம் சொல்ல முடியாது. சணல் கயித்த மெழுகுல முக்கி இடுக்குல வெச்சு உளியால மெதுவா தட்டும்மா, அகலமா இருக்கற எடத்துக்கு மரச் சில்லு சீவித் தரேன். மேல கம்பளி போடு, சாக்கு போடு, என்ன வேணா போடு. பிளாஸ்டிக் மட்டும் போட்டுறாத. கீழ சுவத்து ஒசரத்துல நாலு காத்துத் துவாரம் இருக்கு பாரு, அதையும் அடைச்சுறாத. பலகைக்கு வேர்க்கும்மா. வேர்த்தா ஆறணும், மனுசங்க மாதிரிதான். நான் சிரித்தேன். பலகைக்கு வேர்க்குமாம். சட்டை கழற்றிப் போடுமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அவர் கயிறும் சில்லும் எப்போது கொண்டுவருவார் என்று பார்த்துப் பார்த்துப் பத்து நாள் ஆனது. காத்திருந்திருக்க வேண்டும். ஃபேக்டரியில் தேயிலைத் தூள் மூட்டைக்குள் போடுகிற பிளாஸ்டிக் உள்ளுறை, உள்ளே வெள்ளி பூசினது, கிழிந்ததை எல்லாம் ஒதுக்கிப் போடுவார்கள். இங்கே எல்லாரும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள், ஓடு ஒழுகினால் அது, கோழிக்கூண்டுக்கு அது, மழையில் தலைக்கு அது. தூளுக்குள் ஈரம் போகாமல் காப்பாற்றுகிற உறை, என்னைக் காப்பாற்றாதா என்று நினைத்தேன். ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டி, இருபத்து மூன்று பலகையையும் மூடி, சுவர் ஓரமெல்லாம் ஆணி அடித்து, மேலே பாய், பாய்க்கு மேலே கம்பளி. கடைச் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது, கீழே போய் ஸ்டூல் போட்டு ஏறி அந்த நாலு துவாரத்திலும் துணி திணித்தேன். காற்று நின்றது. அன்றைக்கு நான் நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்து நின்றுபோன காற்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் எழும்பவில்லை. காலுக்குக் கீழே மட்டும் நடக்கும்போது மெல்ல மொரமொர என்று சத்தம், யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற மாதிரி. மூன்றாவது வாரம் ஒரு வாசனை வந்தது. ஈரத் துணியை மறந்து வாளியில் வைத்த வாசனை. கம்பளியைத் துவைத்துப் போட்டேன், வாசனை போகவில்லை. பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கினால் தெரிந்துவிடும், அதனால் தூக்கவில்லை. இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது, தெரிந்துவிடும் என்று பயந்து பார்க்காமல் இருந்தேன் என்று.

கணுத் துளையை மட்டும் நான் அடைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும், அது என் பக்கத்துக்கு நல்லது, எல்லாவற்றையும் அடைக்கவில்லை டீச்சர் என்று சொல்லலாம். உள்ளுறையில் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி விட்டிருந்தேன். குளிர் வரத்தான் செய்தது, ஒரு சாண் இடத்துக்குப் பனிக்கட்டி மாதிரி. ஏன் விட்டேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. கீழே யாருமில்லை, அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது, தட்டுகிற கட்டையையும் மகன் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சும்மா விட்டேன். நேற்று மத்தியானம் ஃபேக்டரியில் இருந்து சாப்பாட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது கீழே பேச்சு கேட்டது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி எனக்கு அக்கா வந்துவிட்டாள் என்று இருந்தது, தட்டை வைத்துவிட்டுத் துளைக்கு மேலே குனிந்தேன். கடை பார்க்க வந்த ஆள். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், நல்ல ஆள் மாதிரிதான் குரல். மேல ஒரு அம்மா இருக்காங்களாம், தனியாத்தான், அவங்கள காலி பண்ணச் சொல்லிட்டா மேலயும் கீழயும் சேத்தே எடுத்துக்கலாம், பலக மட்டும் மாத்தணும், உளுத்துப் போச்சு. அவங்கள. சோற்றை மூடி வைத்தேன். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை, அக்கா விட்டுப்போன அடுப்புத் துணி, சூட்டுத் தட்டைப் பிடிக்கிற தடித் துணி, அதைச் சுருட்டித் துளைக்குள் இறுக்கி, மெழுகுவர்த்தியை உருக்கி மேலே ஊற்றினேன். இனி ஒன்றும் கேட்காது. கேட்கவும் இல்லை. கதவுக்கு அடியில் சாக்கு, ஜன்னல் சட்டத்தில் ஒட்டுத் துணி, தரையில் வெள்ளி. டீச்சர் வரும்போது அறை கதகதப்பாக இருக்கட்டும், வந்து உட்கார்ந்தால் மனசு இளகும் என்று நினைத்து இரும்புச் சட்டியில் கரி போட்டேன். படியில் வைத்துத்தான் பற்றவைத்தேன், புகை எல்லாம் போய் நன்றாகச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், புகை இருந்தால்தான் ஆபத்து. இப்போது பாருங்கள் டீச்சர், ஒரு துளி புகை இருக்கிறதா. சட்டிக்குள் சிவப்பு மூச்சு விடுகிற மாதிரி கூடிக் கூடிக் குறைகிறது. இத்தனை நாளுக்கு அப்புறம் முதுகில் குளிர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி எதிர்ச் சரிவில் இருந்த சில்வர் ஓக் மரத்தை எல்லாம் துடைத்துவிட்டது, மழை சன்னமாகப் பெய்கிறது, கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் வழிகிறது. உள்பக்கமாக. கண்ணாடிக்கும் வேர்க்கிறது. மணி மூன்றே கால். கொஞ்சம் தலை வலிக்கிறது, நேற்றுச் சரியாகத் தூங்காதது.

அஞ்சாவது படிக்கும்போது எங்கள் வாத்தியார் மேசையில் இருந்த மைப்புட்டி உடைந்தது. யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும், நான்தான், ஆனால் நான் உடைக்கவில்லை, காகம் ஒன்று ஜன்னலில் வந்து உட்கார்ந்தது, அதை ஓட்டக் கையை வீசினேன். இதைச் சொல்ல எழுந்து நின்றேன். காலையில் பள்ளிக்கு வந்ததில் இருந்து ஆரம்பித்தேன், அன்றைக்கு மழை, குடை இல்லை, அதனால் சீக்கிரம் வந்தேன், சீக்கிரம் வந்ததால் வகுப்பில் யாருமில்லை, காகத்துக்கு வருவதற்கு முன்னாலேயே வாத்தியார், கதை கட்டுறியா என்று கையை நீட்டச் சொன்னார். நான்தான் சார் என்று முதலில் சொல்லியிருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். ஆறாவதுக்கு நான் போகவில்லை, அம்மா கொழுந்து பறிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அடியால் இல்லை, ஆனால் எனக்கு எப்போதும் அந்த அடியால்தான் நின்றேன் என்று இருக்கிறது. ஆகவே முதலில் முடிவு. டீச்சர், நான்தான். இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு, இருபத்து நாலு. இல்லையே. பாய்க்கு மேலே எண்ணினால் எப்படிச் சரியாக வரும், ஆனால் எனக்குப் பாய்க்குக் கீழேயும் பலகை தெரியும், ஒவ்வொன்றும் எங்கே முடிகிறதென்று தெரியும், கதவில் இருந்து ஒன்று, இரண்டு, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பதினெட்டு. பதினெட்டு வருஷம். அவர் செத்து எத்தனை. அவர் போனது லாரியில், இல்லை, லாரியில் வேலைக்குப் போனது, செத்தது ஆஸ்பத்திரியில், நான் அன்றைக்கும் டாக்டரிடம் தப்பாகத்தான் சொன்னேன், நெஞ்சு வலி என்று சொல்லாமல் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். டீச்சர், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அது வேறு. டீச்சர், குளிர். இருபத்து ஒன்று. வாயில் காசு நக்கின மாதிரி ஒரு ருசி. தண்ணீர் குடிக்க வேண்டும், பானை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பதினாறு பலகை தூரம், எழுந்துபோக வேண்டும் என்று நினைத்து எத்தனை நேரமாகிறது, நினைத்ததும் போய்க் குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது, ஆனால் தம்ளர் கையில் இல்லை. மணி பார்த்தால் முள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எவ்வளவு சுகமாக இருக்கிறது. காலி செய்யச் சொன்னாலும் இன்றைக்கு இங்கேயே தூங்கிவிட்டு நாளைக்குப் போகலாம். எங்கே போவது என்பதை நாளைக்கு யோசிக்கலாம். டீச்சர் கதவைத் தட்டினால் எழுந்துகொள்ளலாம்.

டொக் டொக். அக்கா தட்டுகிறாள். நான்தான் அடைத்துவிட்டேனே, எப்படிக் கேட்கிறது, மெழுகு ஊற்றினேனே. டொக் டொக். இருக்கியா. இருக்கேன் அக்கா, இரு, காலைத் தூக்குகிறேன். டொக் டொக், டொக் டொக், இவ்வளவு அவசரமாக அவள் தட்டவே மாட்டாள், டீ ஆறினாலும் இரண்டு தட்டுத்தான் தட்டுவாள், பதில் வரும்வரை காத்திருப்பாள், இது நிற்காமல் வருகிறது, கீழே இருந்து வரவில்லை, காதுக்குள் இருந்து வருகிறது. என் நெஞ்சு. என் நெஞ்சு காதுக்குள் வந்து தட்டுகிறது. பதிலுக்குத் தட்டக் குதிகாலைத் தூக்கினேன், கால் எழவில்லை. கால் என்னுடையதாக இல்லை, யாரோ கட்டிலில் விட்டுப்போன கால். இந்த இடத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும், வந்துகொண்டே இருக்கிறது, வரவில்லை, வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. அக்கா சொன்னது. மாவு பிசைந்துகொண்டே சொன்னது. ஊட்டிப் பக்கம் எங்கேயோ ஒரு விடுதியாம் தனம், புருஷனும் பொண்டாட்டியும் சின்னஞ்சிறுசுகளாம், குளிருதுன்னு கரிச் சட்டிய ரூமுக்குள்ள வெச்சுட்டுப் படுத்திருக்குதுங்க, காலைல கதவ ஒடச்சுப் பாத்தா தூங்கற மாதிரியே கெடக்குதுங்களாம். புகையாக்கா என்று நான் கேட்டேன். புகையே இல்லியாம்டி, கரி நல்லா செவப்பாத்தான் இருந்துச்சாம். ரூமுதான் மூடியிருந்துச்சாம். அப்புறம் அவள் மேலே பார்த்துச் சிரித்தாள், உனக்கென்ன, உன் வீட்டுல ஓட்ட இல்லாத எடமே இல்ல.

இந்த வீட்டில் இப்போது ஓட்டையே இல்லை. கதவு பதினாறு பலகை தூரத்தில். துளை கட்டிலுக்குப் பக்கத்திலேயே. யோசித்து எடுத்த முடிவில்லை, கதவு தூரம், துளை கிட்டே, அவ்வளவுதான். கட்டிலில் இருந்து இறங்கவில்லை, விழுந்தேன். தோளில் அடி, வலி எங்கேயோ இருந்து தாமதமாக வந்தது. கம்பளியை இழுத்தேன், பாயை இழுத்தேன், மெழுகை நகத்தால் பெயர்த்தேன், நகத்துக்குள் ஏறியது. துணி வரவில்லை. இறுக்கி வைத்தது நான்தானே, யாரைத் திட்டுவது. பல்லால் கடித்து இழுத்தேன், மாவும் கரியும் பழைய நெய்யும் மணக்கிற துணி, கடிக்கக் கடிக்க வாயெல்லாம் அக்காவின் கடை, ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் வாயை வைத்துக் கவிழ்ந்து படுத்தேன். குளிர் வந்தது. பல் கூச, தொண்டை எரிய, மூன்று மாசமாக நான் திட்டின அதே காற்று, கல்லின் வாசனையோடு, மழையின் வாசனையோடு, கீழே இருந்து நேராக என் வாய்க்குள் வந்தது. குடித்தேன். தண்ணீர் மாதிரி குடித்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. காதுக்குள் தட்டுகிற சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. அப்புறம் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து, நடுவில் ஒருமுறை நின்று திரும்பவும் துளைக்கே போய்விடலாமா என்று யோசித்து, கதவை அடைந்து, சாக்கைத் தள்ளித் தாழ்ப்பாளைத் திறந்தேன். படியில் மழை. தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கரியை மழையில் கொட்டினேன். சீ என்று ஒரு சத்தம், அப்போதுதான் கொஞ்சம் புகை வந்தது.

படியில் உட்கார்ந்திருந்தேன். தலை கொஞ்சம் தெளிந்ததும் உள்ளே போய், இனிமேல் பார்க்காமல் இருக்க முடியாதே, உள்ளுறையின் ஓரத்தைப் பிடித்து ஆணியோடு இழுத்தேன். அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பலகை கருப்பு, சில இடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூசணம், ஜன்னல் பக்கத்துப் பலகையில் கட்டைவிரலை வைத்தால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. இத்தனை நாள் இதன்மேல் நடந்திருக்கிறேன். என் மூச்சு, என் சோற்றுப்பானையின் ஆவி, நான் உலர்த்தின துணி, எல்லாம் கீழே இறங்கிப் போக வழியில்லாமல் இந்த மரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆசாரி சொன்னது சரி, வேர்த்திருக்கிறது, ஆறவிடாமல் நான் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் நடுவில் உத்தரக்கட்டை போகிற வரிசை கெட்டியாக இருந்தது, தட்டிப் பார்த்தேன், மரச் சத்தம் வந்தது. எண்ணினேன். இருபத்து மூன்று. கெட்டது ஆறு. உள்ளுறையைச் சுருட்டி வெளியே தள்ளினேன். காற்று ஆறு பலகை வழியாகவும் பதினேழு பலகை வழியாகவும் வந்தது, பாயைத் தூக்கியது, காலண்டரைத் தூக்கியது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு துளைக்குப் பக்கத்தில், கெட்டியான பலகையில், அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தும்மல் வந்தது.

கீழே இருந்து ஒரு குரல், நூறு என்றது. பழக்கத்தில் சொன்னது, யாருக்கென்று தெரியாமல். கடைக்குள் குடையை உதறுகிற சத்தம். அப்புறம், யாரு, தனமா, என்னடி பக்கத்துல நின்னு தும்மற மாதிரி கேக்குது, மேலதான இருக்க என்று கேட்டார்கள். டீச்சர்தான். மணி ஐந்து ஆகிவிட்டிருக்கிறது. எழுந்து படியிறங்கிப் போய் மரியாதையாக நின்று சொல்ல வேண்டியது, ஆனால் காலை நம்ப முடியவில்லை. ரெஜினா அக்கா போனதில் இருந்து, குளிரில் இருந்து, ஆசாரியில் இருந்து, எல்லாம் வரிசையாக வாசலில் நின்றன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் குனிந்து துளையில் வாயை வைத்தேன்.

"நான்தான் டீச்சர். பிளாஸ்டிக் போட்டு மூடினது நான்தான். ஆசாரி வேண்டாம்னு சொல்லியும் போட்டேன். ஆறு பலக போச்சு."

சொல்லிவிட்டேன், காகத்துக்குப் போகாமலே சொல்லிவிட்டேன், இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது, ஆகக்கூடாது என்றும் இருந்தது.

"ஏன் உன் குரல் இப்படி இருக்கு?" என்றார்கள்.

"கரி போட்டேன் டீச்சர். எல்லாத்தையும் அடைச்சுட்டு."

"ஐயோ. இப்ப?"

"கொட்டிட்டேன்."

கீழே செருப்புச் சத்தம் வேகமாக வாசலுக்குப் போய், நின்று, திரும்பத் துளைக்குக் கீழே வந்தது. நகராத, அங்கயே இரு, நான் மேல வரேன், பலகைய அப்புறம் பேசிக்கலாம் என்றார்கள். அப்புறம் பேசிக்கலாம். என்ன பேசுவார்கள் என்று தெரியாது. சுவர் ஓரமா வராதீங்க டீச்சர், நடுவுல வாங்க, நடுவுலதான் கெட்டியா இருக்கு என்று சொன்னேன். கல் படியில் சத்தம் ஏறி வருகிறது, ஒவ்வொரு படியாக, வயசானவர்கள், மழைப்படி. கதவு காற்றில் சாத்திக்கொள்ளப் பார்த்தது. ஊர்ந்துபோய் அரைக்கிற அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டுவந்து கதவுக்கு அண்டை கொடுத்தேன், நன்றாகத் திறந்து நிற்கும்படி. ஈரமாக, மெழுகு ஒட்டிக்கொண்டு, அடுப்புத் துணி துளைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்து உதறி, குளிருகிற கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.